சேலத்துக்கு அதிவேக ரயில் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாக 185 கிலோமீட்டருக்கு மித அதிவேக ரயில் அமைக்க முடியுமா என்று ஆராயப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது. அன்றிலிருந்து சேலத்தில் டீக்கடைக்கு ஒரு ஸ்டேஷன் கட்டப்பட்டுவிட்டது. கருப்பூரில் கட்டுகிறவர் உண்டு, கொண்டலாம்பட்டி பைபாஸில் கட்டுகிறவர் உண்டு, ஏற்காட்டுக்கே சுரங்கம் தோண்டுகிறவரும் உண்டு. ஜங்ஷனிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். பதில்களில் தகவலும் இருக்கும், என் கருத்தும் இருக்கும். எது எது என்று படித்தாலே தெரியும்.

சேலத்துக்கு புல்லட் ரயில் வருமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வராது.

ஒரே வார்த்தை போதாது என்பவர்களுக்கு: நம் பக்கத்தில் புல்லட் ரயிலுக்காக ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தடங்களில் ஒன்று சென்னை–பெங்களூரு–மைசூரு, சுமார் 435 கிலோமீட்டர். அது அரக்கோணம், சித்தூர், பங்காருபேட்டை என்று வடக்கே ஒதுங்கிப் போகிறது. சேலத்தை எட்டிக்கூடப் பார்க்காது. பட்ஜெட்டில் நமக்குச் சொன்னது வேறு வகை ரயில். செய்திகளில் இரண்டையும் ஒன்றாக்கிப் போட்டுவிட்டதால்தான் இவ்வளவு குழப்பம்.

புல்லட் ரயில், மித அதிவேக ரயில், வந்தே பாரத். மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் கணக்குப்படி, புதிதாகப் போட்ட பாதையில் மணிக்கு 250 கிலோமீட்டராவது ஓட வேண்டும். பழைய பாதையைச் சீர்செய்து ஓட்டினால் 200. அப்போதுதான் அதிவேகம். நம் நாட்டில் அந்த அளவுக்குக் கட்டிக்கொண்டிருப்பது மும்பை–அகமதாபாத் பாதை. 508 கிலோமீட்டர், 12 நிலையங்கள், ஓடப்போகும் வேகம் 320.

மித அதிவேகம் என்பதற்கு டெல்லி–மீரட் இடையிலான நமோ பாரத் ரயிலைப் பார்க்கலாம். 82 கிலோமீட்டர் தடம், உச்ச வேகம் 160, வழியில் நின்று நின்று போனாலும் சராசரி 100-ஐ ஒட்டி வரும். அதன் பலமே வேகத்தில் இல்லை. முன்பதிவு கிடையாது, கால் மணிக்குள் அடுத்த வண்டி, மெட்ரோ மாதிரி சீட்டை எடுத்துக்கொண்டு ஏறிக்கொள்ளலாம். கோவை–சேலம் தடத்துக்குப் பேசப்படுவது இந்த வகைதான்.

வந்தே பாரத் மூன்றாவது ரகம். பெட்டி புதியது, பாதை பழையது. 180 வரை போகும்படி வடிவமைத்த வண்டி, தண்டவாளம் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் போகும்.

வந்தே பாரத் ஏற்கெனவே சேலத்தில் நிற்கிறதே, பிறகென்ன குறை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் குறை தெரியும். சென்னை–கோவை வந்தே பாரத் 2023 ஏப்ரல் 8 அன்று தொடங்கியது. சென்ட்ரலிலிருந்து சேலம் ஏறத்தாழ 334 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. சராசரி மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. நம் ஊர்க் கணக்கில் நல்ல வேகம்.

அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று கோவை–பெங்களூரு வந்தே பாரத்தும் வந்தது. அதுவும் சேலம் வழிதான். தருமபுரி, ஓசூர் போய்ச் சேரும். சுமார் 380 கிலோமீட்டருக்கு ஆறரை மணி நேரம் ஆகிறது. சராசரி 60-ஐத் தொடுவதே பெரும்பாடு. அதே மூக்கு, அதே கண்ணாடிக் கதவு, அதே இருக்கை. ஆனால் பெங்களூரு போகிற சேலத்துக்காரர், நெடுஞ்சாலையில் போகும் பஸ்ஸை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விடவேண்டியிருக்கிறது. ஒரே வண்டி இரண்டு பாதையில் இரண்டு விதமாக ஓடுகிறது என்றால் கேட்கவேண்டியது வண்டியை அல்ல, பாதையை.

பாதையில் அப்படி என்ன சிக்கல்?

இரண்டு திசையில் இரண்டு சிக்கல்.

பெங்களூரு திசையில், ஓமலூர் தாண்டினால் தருமபுரி வழியாக ஓசூர் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். தொப்பூர் மலைப்பகுதியில் வளைவும் ஏற்றமும் வேறு.

சென்னை திசையில் இரட்டைப் பாதை. ஜோலார்பேட்டை வரை 130 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதி உண்டு. ஆனால் பொம்மிடியை விட்டு லோக்கூர், தானிஷ்பேட்டை வரும்போது சேர்வராயன் மலையின் அடிவாரத்தைச் சுற்றித்தான் வந்தாகவேண்டும். பகலில் அந்தப் பக்கம் வந்திருக்கிறவர்களுக்குத் தெரியும்: காடு பாதையை நெருங்கி வரும், வண்டி ஒரு பக்கம் சாயும், வளைவில் நம் வண்டியின் எஞ்சினே நம் ஜன்னலில் தெரியும். எஞ்சின் தெரிகிற வளைவில் வேகமாகப் போக முடியாது. 1964-இல் ஜப்பானில் போட்ட முதல் ஷிங்கான்சென் (அவர்களுடைய புல்லட் ரயில்) பாதைக்கே, 210 கிலோமீட்டர் வேகத்துக்கு, வளைவின் ஆரம் குறைந்தது 2,500 மீட்டர் என்று வைத்தார்கள். 300-க்கு மேல் போகவேண்டுமானால் 4,000 மீட்டராவது வேண்டும். அவ்வளவு விசாலமான வளைவை மலையடிவாரத்தில் போட இடமில்லை. ஒன்று மலையைக் குடைய வேண்டும், அல்லது மலையை விட்டு வெகுதூரம் விலகிப் போக வேண்டும்.

புதுப் பாதை போட்டாலும் ஜங்ஷனிலேயே நிறுத்தலாமே, தனி ஸ்டேஷன் எதற்கு?

தண்டவாளத்தின் அகலம் முதல் காரணம். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். மும்பை–அகமதாபாத் பாதையும் டெல்லி–மீரட் பாதையும் 1,435 மில்லிமீட்டர். ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் ஓடாது. அதனால் ஜங்ஷனில் இப்போதுள்ள நடைமேடைகளில் அந்த வண்டி வந்து நிற்க வழியே இல்லை.

ஜப்பானுக்கும் இதே தலைவலி இருந்தது. அவர்களுடைய பழைய பாதை 1,067 மில்லிமீட்டர், ஷிங்கான்சென் 1,435. சில ஊர்களில் பழைய நிலையத்தின் மேலேயோ பக்கத்திலேயோ புது நடைமேடை கட்டினார்கள். இடம் கிடைக்காத ஊர்களில் கொஞ்சம் தள்ளிப் புது நிலையம். பதினாறு பெட்டி ஷிங்கான்சென் வண்டி 400 மீட்டர் நீளம். அந்த நீளத்துக்கு வளையாமல் ஒரு நடைமேடை, இரு பக்கமும் நேரான பாதை. பழைய ஊரின் நடுவில் இதற்கு இடம் தேடினால் பாதி கடைத்தெருவை இடிக்க வேண்டியிருக்கும்.

ஒன்றை மறந்துவிடுகிறோம். நம் ஜங்ஷனே ஊருக்கு வெளியே கட்டியதுதான். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் பாதை போட்டு, 1862-இல் பேப்பூர் வரை முடித்தபோது, சேலம் என்பது கோட்டையும் செவ்வாய்ப்பேட்டையும் சுற்றிய பகுதிதான். தண்டவாளம் போனது சூரமங்கலம் வழியாக. ஊர் மெதுவாக ஸ்டேஷனைத் தேடிக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டது. இன்று சூரமங்கலத்தை ஊருக்கு வெளியே என்று யாராவது சொன்னால் உழவர் சந்தைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் ஊர் வந்து ஒட்ட நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஊருக்கு வெளியே கட்டினால் ஊர் வளரும் என்கிறார்களே?

சில இடத்தில் வளர்ந்தது, சில இடத்தில் முப்பது வருஷமாக வயலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பிரான்சில் ஓத்-பிகார்தி என்றொரு அதிவேக நிலையம், 1994-இல் திறந்தது. அமியான், சான்-கான்தான் என்ற இரண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நடுவில் வைத்தார்கள். நடுவில் இருந்தது பீட்ரூட் வயல். ஜனங்கள் அதைப் பீட்ரூட் ஸ்டேஷன் என்றே கேலி செய்தார்கள். உள்ளூர் ரயில் எதுவும் அங்கே வந்து சேராது, காரில்தான் போக வேண்டும் அல்லது பஸ் பிடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் பொது என்று வைத்தது இரண்டு பேருக்கும் தூரமாகப் போயிற்று. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் பொதுவாக ஒன்று வைக்கலாம் என்பவர்கள் இந்த நிலையத்தை ஒரு தடவை படத்தில் பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது.

ஜப்பானில் ஷின்-யோகோஹாமா 1964-இல் திறந்தபோது சுற்றிலும் வயல்தான். இன்று அது அலுவலகக் கட்டடங்கள் நெருங்கிய பெரிய வட்டாரம். ஆனால் அங்கே முதல் நாளிலிருந்தே பழைய ரயில்பாதை ஒன்று குறுக்கே போனது. அந்தப் பாதை வருகிற இடத்தில்தான் நிலையத்தையே வைத்தார்கள். 1985-இல் சுரங்க ரயிலும் வந்து சேர்ந்தது. அதே 1964-இல் திறந்த கிஃபு-ஹஷிமா இன்னும் அமைதியாகத்தான் இருக்கிறது. அந்த நிலையத்தின் வாசலில் ஓனோ பம்போகு என்ற அரசியல்வாதிக்குச் சிலை இருக்கிறது. அவர் செல்வாக்கால் வந்த நிறுத்தம் என்று ஊரில் பேச்சு. பனிக்காலத்தில் வண்டிகளை ஒதுக்கி நிறுத்த அந்தப் பக்கம் ஒரு இடம் தேவைப்பட்டது என்பது ரயில்வே தரப்புக் காரணம். எது உண்மையானாலும், சிலையைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுத்து வருவதில்லை.

ஸ்டேஷன் வரப்போகிற இடம் என்று சொல்லி மனை விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். இடம் எது என்று அரசாங்கமே முடிவு செய்யாதபோது மனை விற்கிறவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவரிடமே கேளுங்கள்.

சரி, இடம் முடிவாகி, ஸ்டேஷனும் கட்டியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்பெயினில் குவாதலஹாரா என்ற ஊருக்கு 2003-இல் அதிவேக நிலையம் வந்தது, ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் வாக்கில் தள்ளி. அதை ஒட்டி வால்தெலூஸ் என்று ஒரு புது நகரமே திட்டமிட்டார்கள்; முப்பதாயிரம் பேர் குடியேறுவார்கள் என்று கணக்கு. 2008-இல் பொருளாதாரச் சரிவு வந்தது. பாதி வீடு கட்டியும் கட்டாமலும், தெருவிளக்கு மட்டும் எரியும் ஊராக அது வருஷக்கணக்கில் கிடந்தது. மாட்ரிட் போகிறவர்கள் குவாதலஹாராவின் பழைய ஸ்டேஷனில் ஏறி, குறைந்த கட்டணத்தில் உள்ளூர் ரயிலிலேயே போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் சேலத்தில் எங்கே கட்டலாம்?

என் கருத்து: ஜங்ஷனோடு ஒட்டி. உள்ளே இடமில்லை என்றால் மேலே, மேலே முடியாது என்றால் கீழே.

காரணம் சூரமங்கலத்தின் மேல் உள்ள பாசம் இல்லை. சேலம் ஜங்ஷனுக்கு ஐந்து திசையிலிருந்து தண்டவாளம் வருகிறது: ஜோலார்பேட்டை, ஈரோடு, ஓமலூர், ஆத்தூர் வழி விருத்தாசலம், நாமக்கல் வழி கரூர். நாமக்கல் பாதை 2013-இல்தான் திறந்தது. இப்படி ஐந்து பக்கமும் கை நீட்டியிருக்கிற இடம் தமிழ்நாட்டின் மேற்கே அதிகமில்லை. புது நிலையத்தை வேறு எங்கே கொண்டுபோய் வைத்தாலும் இந்த ஐந்தையும் மறுபடி ரோட்டில்தான் இணைக்க வேண்டும். டெல்லியில் ஆனந்த் விஹாரில் நமோ பாரத் நிலையத்தைப் பூமிக்கடியில் கட்டினார்கள். மெட்ரோ, ரயில் முனையம், பஸ் நிலையம் மூன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. செலவு அதிகம்தான். அந்தச் செலவை மிச்சம் பிடித்தால், பயணி ஒவ்வொருவரும் ஆட்டோவில் அதைத் தவணை கட்டுவார்.

கருப்பூர் என்கிறவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் அங்கே இருக்கின்றன, நெடுஞ்சாலை ஓடுகிறது, காமலாபுரம் விமான நிலையம் பக்கம், ரயில் நிலையமும் ஒன்று உண்டு. மேட்டூர், ஓமலூர், தருமபுரிக்காரர்களுக்கு அது வசதி. ஆத்தூர், வாழப்பாடி, ராசிபுரத்துக்காரர்களுக்கு ஊரைக் கடந்து அந்தப் பக்கம் போகவேண்டும். அஞ்சு ரோட்டை மாலை ஆறு மணிக்குக் கடந்தவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். ஜங்ஷனுக்கு இரண்டாவதாக, சின்ன நிறுத்தமாக, கருப்பூர் வருவதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் ஆத்தூர். எனக்கு இதனால் என்ன லாபம்?

வீட்டு வாசலிலிருந்து போகிற இடத்தின் வாசல் வரை கணக்குப் போடுங்கள். சேலத்திலிருந்து கோவைக்கு இப்போது வந்தே பாரத்தில் இரண்டேகால் மணி நேரம் வாக்கில் ஆகிறது. 185 கிலோமீட்டர் தடத்தில் சராசரி 100 என்று ஓடினாலும் இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. வண்டிக்குள் மிச்சமாவது அரைமணிக்கும் குறைவு. ஆத்தூரிலிருந்து சேலம் வர பஸ்ஸில் ஒன்றேகால், ஒன்றரை மணி. இறங்கி ஸ்டேஷன் போக இன்னும் அரைமணி. ஸ்டேஷன் தப்பான இடத்தில் இருந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் டவுன் பஸ்ஸில் போய்விடும்.

உண்மையான லாபம் வேறு. இன்று காலை வண்டியை விட்டுவிட்டால் அடுத்த நல்ல வண்டிக்குக் காத்துக் கிடக்க வேண்டும், இடம் இருக்குமா என்பதும் சந்தேகம். கால் மணிக்கு ஒரு வண்டி என்றால் நேரத்தைப் பார்க்கவே வேண்டாம். கோவையில் ஆஸ்பத்திரிக்குப் போய், எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவருக்கு 160 கிலோமீட்டர் வேகத்தைவிட இதுதான் பெரிய உதவி.

எங்க ஊர்லயும் ஒரு ஸ்டாப் கேட்டால் என்னங்க தப்பு?

தப்பில்லை. விலை உண்டு. மும்பை–அகமதாபாத் பாதையில் பெரிய ஊர்களில் மட்டும் நிற்கும் வண்டிக்கு 2 மணி 7 நிமிடம். எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டிக்கு 2 மணி 58 நிமிடம் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். கூடுதலாக நிற்கும் ஏழெட்டு இடம் சேர்ந்து 51 நிமிடத்தைத் தின்றுவிடுகிறது. 320-இல் போகிற வண்டி நிற்கவும் மறுபடி வேகம் பிடிக்கவும் பல கிலோமீட்டர் வேண்டும்.

மித அதிவேக ரயிலில் இந்த இழப்பு குறைவு. அதனால் சங்ககிரிக்காரர்களும் மகுடஞ்சாவடிக்காரர்களும் தைரியமாகக் கேட்கலாம். புல்லட் ரயிலுக்குக் கேட்டால்தான் சிரிப்பார்கள்.

ஏற்காட்டுக்கு நேராக ரயில் விட முடியாதா?

இந்தக் கேள்வி மே மாதம் கோடை விழா நெருங்கும்போது கட்டாயம் வரும். கணக்கு இதுதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. ஏற வேண்டியது 1,200 மீட்டருக்கு மேல். அதிவேக ரயில் நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் என்று ஏறுவதே அதிகம். அப்படி ஏறினால் 40 கிலோமீட்டர் பாதை வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ரோடே முப்பது கிலோமீட்டர் வாக்கில் மேலே கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

இருந்தாலும் உலகத்தில் மலை வாசஸ்தலத்துக்கு அதிவேக ரயில் போவதே இல்லை என்று சொல்ல முடியாது. ஜப்பானில் கருயிசாவா என்ற ஊர் இருக்கிறது. உயரம் 940 மீட்டர் வாக்கில், கோடையிலும் குளிர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரப் பாதிரியார்கள் வந்து பங்களா கட்டத் தொடங்கியது. நம் ஏற்காட்டின் கதை அப்படியே. 1997-இல் அங்கே ஷிங்கான்சென் வந்தது. டோக்கியோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

ஆனால் கருயிசாவா வழியில் இருக்கிறது. அதைத் தாண்டி நாகானோ போகவேண்டும். 1998-இல் அங்கே குளிர்கால ஒலிம்பிக். அதற்காகப் போட்ட பாதை மலை ஊரையும் தொட்டுப் போயிற்று. ஏற்காடு எதற்கும் வழியில் இல்லை. ஏறியவர்கள் இறங்கித்தான் ஆகவேண்டும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஷிங்கான்சென் வந்த அன்றே, அதுவரை நூறு வருஷமாகக் கணவாயில் ஏறிக்கொண்டிருந்த பழைய பாதையின் செங்குத்தான பகுதியை மூடிவிட்டார்கள். அடிவாரத்து ஊர்க்காரர்களுக்கு மலையேற மிஞ்சியது பஸ்.

ஏற்காட்டுக்கு வேண்டியது ரயிலே இல்லை என்பது என் எண்ணம். சனி ஞாயிறில் ஏரிக்கரையில் கார் நிறுத்த இடமில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. இன்னும் நாலாயிரம் பேரை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு முன் அந்த ரோட்டைப் பார்க்க வேண்டும். அப்புறம், சென்னையிலிருந்து வரும் வந்தே பாரத் மாலை ஆறு மணி வாக்கில் சேலத்தில் நிற்கிறது. அந்த நேரத்துக்கு ஜங்ஷன் வாசலிலிருந்தே ஒரு மலை பஸ், வண்டி தாமதமானால் காத்திருந்து கிளம்புகிற பஸ், விட்டால் பாதிக் காரும் குறையும். இதற்குச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை.

வேக ரயில் வந்தால் ஏற்காடு எக்ஸ்பிரஸை எடுத்துவிடுவார்களா?

பலருக்கும் உள்ளூர இருக்கும் பயம் இதுதான், நியாயமான பயம். ஈரோட்டில் கிளம்பி வரும் அந்த வண்டியில் சேலத்தில் இரவு ஏறினால் விடிவதற்குள் சென்ட்ரல். வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர், செக்ரடேரியட்டில் மனு கொடுக்கப் போகிறவர், நேர்முகத்தேர்வுக்குப் போகிற பிள்ளையும் கூடப் போகிற அப்பாவும் எல்லாரும் அந்த நடைமேடையில்தான் நிற்பார்கள். தலையணை உயரத்துக்கு ஒரு பை, அதை மார்போடு அணைத்தபடி. ரூம் வாடகை மிச்சம், பகல் முழுக்கக் கையில்.

அதிவேக ரயில் இந்த வேலையைச் செய்யாது. ஜப்பானில் ஷிங்கான்சென் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஓடுவதே கிடையாது; பாதையைப் பராமரிக்க அந்த நேரம் வேண்டும், சத்தத்தால் ஜனங்கள் தூக்கமும் கெடக்கூடாது. ஆக, எவ்வளவு வேகமான ரயில் வந்தாலும் காலை ஏழு மணிக்குச் சென்னையில் இருக்க வேண்டியவருக்குப் படுக்கை வண்டிதான் கதி. புதியதைக் காட்டிப் பழையதைக் குறைக்கிற பேச்சு எழுந்தால் அப்போது சத்தம் போட வேண்டும்.

டிக்கெட் எவ்வளவு இருக்கும்?

திட்டமே வரைபடமாகாதபோது விலை சொல்கிறவரை நம்ப வேண்டாம். சாதாரண எக்ஸ்பிரஸின் உட்காரும் பெட்டிக் கட்டணத்தில் நிச்சயம் இருக்காது. தினம் போய்வருகிறவர்களுக்கு மாதச் சீட்டு உண்டா என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

மாதச் சீட்டால் என்ன ஆகிவிடும்?

ஸ்பெயினில் சியூதாத் ரியால் என்ற ஊரைப் பாருங்கள். மாட்ரிட்டிலிருந்து 170 கிலோமீட்டர் சொச்சம், மக்கள்தொகை ஒரு லட்சம்கூட இல்லை. 1992-இல் மாட்ரிட்–செவில்லி அதிவேகப் பாதை திறந்தபோது அங்கே ஒரு நிறுத்தம் கிடைத்தது. பயணம் ஒரு மணி நேரத்துக்குள் வந்தது. குறைந்த தூரத்துக்கென்று தனி வண்டிகளும் தொடர் பயணச் சீட்டும் விட்ட பிறகு, ஊரில் குடியிருந்துகொண்டே தலைநகருக்கு வேலைக்குப் போகிறவர்கள் உருவானார்கள். எதிர்த்திசையிலும் ஆள் வந்தார்கள்: ஊரில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு மாட்ரிட்டிலிருந்து தினம் வந்துபோகும் பேராசிரியர்கள்.

சேலம் அதைப்போலப் பல மடங்கு பெரிய ஊர். 2011 கணக்கெடுப்பிலேயே மாநகரில் எட்டு லட்சம் பேருக்கு மேல். கோவையில் வேலை, சேலத்தில் வீடு என்று இரண்டு மணி நேரத் தூரத்தைத் தினமும் போய்வருவது கஷ்டம். ஈரோடும் திருப்பூரும் அப்படி இல்லை. ஈரோட்டுக்கு அரைமணி சொச்சத்தில் போக முடிந்தால் பல குடும்பங்கள் வீடு மாற்றாமல் இருக்கும். இந்தத் தடத்தில் அதிகம் லாபமடையப்போவது சேலம்–கோவைப் பயணி அல்ல, நடுவில் ஏறி நடுவில் இறங்குகிறவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிலம்? எட்டுவழிச் சாலை மாதிரி ஆகிவிடாதா?

சேலத்தில் இந்தக் கேள்வி வராமல் எந்தத் திட்டமும் பேச முடியாது. சென்னை–சேலம் 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலைக்கு 2018-இல் கல் நட்டபோது நடந்தது யாருக்கும் மறக்கவில்லை. நில எடுப்பை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்க அறிவிக்கை வெளியிட அரசுக்கு உள்ள அதிகாரத்தை உறுதி செய்தது. தென்னையும் கிணறும் இருந்த காட்டில் கல்லைப் பார்த்தவர்களிடம் போய் வேகத்தின் பெருமையைச் சொல்ல முடியாது.

ரயிலுக்கு அவ்வளவு அகலம் வேண்டாம் என்பது உண்மை. மும்பை–அகமதாபாத் பாதையில் பெரும்பகுதி, சுமார் 460 கிலோமீட்டர், தூண்களின் மேல் போகிறது. அதற்கு எடுத்த அகலம் 17.5 மீட்டர். டெல்லி–மீரட் பாதையில் நிறைய தூரம் நெடுஞ்சாலையின் நடுவிலேயே தூண் நட்டிருக்கிறார்கள். சேலம்–கோவைக்கும் தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. அதன் நடுவிலோ ஓரத்திலோ போனால் காடு தோட்டம் தப்பும். ஆனால் தூணுக்கு நிலம் குறைவு என்பது நிலையத்துக்குப் பொருந்தாது. கார் நிறுத்தம், பணிமனை, மின் நிலையம் எல்லாம் ஏக்கர் கணக்கு. பணிமனை எங்கே என்று முதலில் கேளுங்கள். எதிர்ப்பும் அங்கேதான் வரும்.

மாம்பழம், ஜவ்வரிசி ஏற்றலாமா?

ஜவ்வரிசிக்கு லாரியும் சரக்கு ரயிலும் போதும், அதற்கு அவசரமில்லை. மாம்பழம் வேறு. ஜப்பானில் ஷிங்கான்சென் பெட்டியின் ஒரு மூலையில் மீனும் பழமும் வைத்து அனுப்புகிறார்கள். மல்கோவாவுக்கு அந்த மரியாதை தகும்.

எப்போது வரும்?

சாத்தியக்கூறு அறிக்கை, விரிவான திட்ட அறிக்கை, மாநில ஒப்புதல், மத்திய ஒப்புதல், கடன், நிலம், கட்டுமானம் என்று வரிசை போகும். டெல்லி–மீரட் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல். முதல் துண்டு ஓடியது 2023 அக்டோபரில். அடிக்கல்லுக்கு முன் ஆன வருஷங்கள் தனி. மும்பை–அகமதாபாத் பாதைக்கு 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், வேலை இன்னும் நடக்கிறது.

விரிவான திட்ட அறிக்கை வந்தால் வேகம் எழுதிய பக்கத்தைப் புரட்டிவிட்டு மூன்று விஷயம் தேடுங்கள். சேலம் நிலையம் எந்தப் புல எண்ணில் வருகிறது, ஜங்ஷனிலிருந்து அங்கே நடந்து போக முடியுமா, கடைசி வண்டி இரவு எத்தனை மணிக்கு.

அதுவரை?

ஓமலூரிலிருந்து ஓசூர் வரை இரண்டாவது தண்டவாளம் கேட்பதை விடக்கூடாது. புது நிலையம் எதுவும் இல்லாமலே பெங்களூருப் பயணத்தில் கணிசமான நேரம் குறையும். சேலத்துக்குத் தனி ரயில்வே கோட்டம் 2007 நவம்பரிலேயே கிடைத்துவிட்டது, கேட்க வேறு ஊருக்குப் போகவேண்டியதில்லை.

வந்தே பாரத்தில் ஏறுகிறவர்களுக்கு ஒன்று: சேலத்தில் அது நிற்பது இரண்டு மூன்று நிமிடம். கதவு தானாக மூடும், சங்கிலியைப் பிடித்து இழுக்கிற பழைய வித்தை எடுபடாது. பெட்டி எண் எந்த இடத்தில் வரும் என்று நடைமேடைப் பலகையில் முன்பே பார்த்து நில்லுங்கள். மாமியாரின் மூட்டையை ஏற்றிவிடுகிறேன் என்று உள்ளே போகாதீர்கள். கோவைப் பக்கம் போகிற வண்டியானால் அடுத்து இறங்க முடிவது ஈரோட்டில்.